நெற்பயிரும் இரும்புச்சத்தும்

நெற்பயிருக்கு வேண்டிய சத்துக்கள் எவை என்று கேட்டால், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று நம் உழவர் பெருமக்கள் தயங்காமல் விடை கூறுவர். துத்தநாகத்தின் தேவையையும் இன்று பலர் அறிந்துள்ளனர். ஆனால் இரும்பைப் பற்றிப் பேசினால், "இரும்பு கலப்பையின் கொழுவுக்கு வேண்டும், பயிருக்கு எதற்கு?" என்று வியப்போரும் உளர். அவ்வியப்பு இயல்பானதே. ஓர் ஏக்கர் நெற்பயிர் விதைப்பு முதல் அறுவடை வரையில் எடுத்துக்கொள்ளும் இரும்பு ஒன்றிரண்டு கிலோகிராம் அளவினதே. ஆயினும் அச்சிறு அளவு கிடைக்காவிடில் நாற்றங்கால் வெளுத்துப்போகிறது. அளவுக்கு மீறிக் கிடைத்துவிட்டால் நட்ட பயிர் துருப்பிடித்தாற்போல் கருகுகிறது. அளவோடு கிடைத்துப் பயிர் செழித்த காலத்திலும், அந்த இரும்பில் மிகச் சிறு பங்கே நம் சோற்றுக்கு வந்து சேருகிறது.

இம்மூன்றும் தனித்தனியான செய்திகள் போலத் தோன்றினும், இவற்றிற்கெல்லாம் அடிப்படை ஒன்றே. இரும்பு இன்றி நெல் வாழாது; இரும்பு மிகுந்தாலும் நெல் வாழாது. ஆகவே அது இரும்பை மிகுந்த எச்சரிக்கையோடு கையாளுகிறது. அந்த எச்சரிக்கையின் தன்மையை நாம் அறிந்துகொண்டால், வயலில் செய்யவேண்டியது இன்னது என்பது தெளிவாகும். நல்ல நெல் இரகங்களைத் தோற்றுவிக்க முயல்வோரின் பணி எத்துணைக் கடினமானது என்பதும் விளங்கும்.

இரும்பு எதற்கு?

இலைக்குப் பசுமையைத் தருவது பச்சையம். பச்சையத்தில் இரும்பு இல்லை. ஆயினும் பச்சையத்தை உண்டாக்கும் வேலை இரும்பின் துணையின்றி நடைபெறாது. சூரிய ஒளியைக் கொண்டு இலை உணவு சமைக்கும் தொழிலிலும், அவ்வுணவை எரித்துப் பயிர் ஆற்றல் பெறும் சுவாசத் தொழிலிலும் இரும்புக்கு முக்கியமான இடம் உண்டு. நம் உடலில் இரத்தம் பிராணவாயுவைச் சுமந்து செல்வதற்கு இரும்பு எவ்வாறு இன்றியமையாததோ, அவ்வாறே பயிரின் உயிர்த்தொழிலுக்கும் அது இன்றியமையாதது.

அதே இரும்பு, கட்டுப்பாடின்றி உயிரணுக்களுக்குள் திரியுமானால், பிராணவாயுவோடு கூடிக் கடுமையான நச்சுப் பொருள்களை உண்டாக்கும். அவை உயிரணுக்களின் சவ்வுகளையும் புரதங்களையும் சிதைக்கும். அடுப்பில் இருக்கும்வரை நெருப்பு சோறு சமைக்கும். அடுப்பை விட்டு வெளியேறினால் கூரையை எரிக்கும். பயிருக்குள் இரும்பின் நிலையும் இத்தகையதே.

ஏராளத்தின் நடுவே பஞ்சம்

புவியின் மேலோட்டில் மிகுதியாக உள்ள தனிமங்களில் இரும்பு நான்காவது இடத்தைப் பெறுகிறது. அதன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 5 பங்கு இரும்பே. நம் செம்மண்ணின் நிறமும் இரும்பின் நிறமே. ஓர் ஏக்கர் நிலத்தில் கலப்பை புரட்டும் மேல்மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோகிராம் எடையுள்ளது. அதில் நூற்றுக்கு 3 பங்கு இரும்பு எனக் கொண்டால், 27,000 கிலோகிராம் இரும்பு அந்நிலத்தில் இருக்கிறது. பயிர் வேண்டுவதோ ஒன்றிரண்டு கிலோகிராம். அவ்வாறாயின் பற்றாக்குறை எங்கிருந்து வந்தது?

பூட்டிய களஞ்சியத்தின் முன் பசித்து நிற்பவனின் நிலை பயிருக்கு நேருகிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் இரும்பு பிராணவாயுவோடு இணைந்து துருவாக இருக்கிறது. இந்நிலையில் உள்ள இரும்பைப் பெர்ரிக் இரும்பு என்பர். அது நீரில் கரைவது மிகவும் அரிது. கரையாத சத்தை வேர் உறிஞ்ச முடியாது. மண்ணில் காரத்தன்மை ஏற ஏற இந்நிலை கடுமையாகிறது. மண்ணின் கார அமில நிலையைக் குறிக்கும் எண் ஒன்று உயர்ந்தால், பெர்ரிக் இரும்பின் கரையும் தன்மை ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. சுண்ணாம்பு மிகுந்த நிலங்களிலும் களர் நிலங்களிலும் இரும்புப் பற்றாக்குறை தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

தண்ணீர் கட்டினால் நிகழ்வது என்ன?

நெல்வயலில் நாம் தண்ணீரைக் கட்டியவுடன் மண்ணுக்குள் ஒரு பெரிய மாறுதல் தொடங்குகிறது. மண்ணிடைவெளிகளில் இருந்த காற்றை நீர் வெளியேற்றுகிறது. எஞ்சிய பிராணவாயுவை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் விரைவிலேயே தீர்த்துவிடுகின்றன. பின்னர் அவை தங்கள் சுவாசத்திற்கு நைட்ரேட்டையும் மாங்கனீசையும் பயன்படுத்தி, அடுத்து இரும்பையும் பயன்படுத்தத் தொடங்குகின்றன. அவ்வாறு பயன்படுத்துகையில், கரையாத பெர்ரிக் இரும்பு கரையும் தன்மையுள்ள பெர்ரஸ் இரும்பாக மாறுகிறது. பூட்டியிருந்த களஞ்சியம் திறக்கிறது. தண்ணீர் கட்டிய சில வாரங்களில் மண்ணீரில் இவ்விரும்பு பெருகி நிற்கும்.

சேற்றுழவு செய்து தண்ணீர் கட்டிய வயலில் நெல்லுக்கு இரும்புப் பஞ்சம் பெரும்பாலும் தோன்றாமல், புழுதிக்கால் நாற்றங்காலிலும் மேட்டு நிலத்திலும் அது தோன்றுவது ஏன் என்பது இப்பொழுது விளங்கும். சேற்றுப் பயிர்முறையை உருவாக்கிய நம் முன்னோர், களையை அடக்குவதோடு இரும்பையும் பயிருக்கு எளிதாக்கி வைத்தனர்.

நெல்லின் இருவழி

மண்ணிலுள்ள இரும்பைப் பெறுவதற்குப் பயிர்கள் கையாளும் முறைகள் இரண்டு. நிலக்கடலை, உளுந்து போன்ற பயிர்கள் வேரைச் சுற்றியுள்ள மண்ணை அமிலமாக்கி, வேரின் மேற்பரப்பிலேயே பெர்ரிக் இரும்பைப் பெர்ரஸ் இரும்பாக மாற்றி உறிஞ்சுகின்றன. புல்லினத்தைச் சேர்ந்த வாற்கோதுமை, கோதுமை, சோளம் முதலியவை வேறொரு முறையைக் கையாளுகின்றன. அவை வேரிலிருந்து ஒரு வகை அமிலத்தை மண்ணில் சுரக்கின்றன. அந்த அமிலம் துருவாக உள்ள இரும்பைப் பற்றிக் கரைத்துக்கொள்கிறது. இரும்பும் அமிலமும் பிணைந்தவாறே வேருக்குள் திரும்பி வருகின்றன.

இந்த அமிலச் சுரப்பின் வரலாற்றில் நெல்லுக்குத் தனிச் சிறப்பு உண்டு. ஜப்பான் நாட்டின் இவாத்தே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செய்-இச்சி தகாகி என்னும் அறிஞர், இரும்பின்றி வாடிய நெல், ஓட்ஸ் ஆகிய பயிர்களின் வேரைக் கழுவிய நீரில் இரும்பைக் கரைக்கும் பொருள் இருப்பதை 1976ஆம் ஆண்டு வெளியிட்டார். பின்னர் வாற்கோதுமையிலிருந்து இத்தகைய பொருளைப் பிரித்தெடுத்து அதன் அமைப்பைக் கண்டனர். ஜப்பானிய மொழியில் வாற்கோதுமையைக் குறிக்கும் 'முகி' என்னும் சொல்லை ஒட்டி அதற்கு முகினிக் அமிலம் என்று பெயர் வைத்தனர்.

நெல் புல்லினத்தைச் சேர்ந்ததாயினும் இரண்டாவது வழியை மட்டும் நம்பி வாழ்வதில்லை. நீர் நின்ற வயலில் தயாராகக் கிடைக்கும் பெர்ரஸ் இரும்பை நேராகவே உறிஞ்சும் வாயில்களும் அதன் வேரில் உள்ளன. நீரில் வாழப் பழகிய பயிருக்கு இது பொருத்தமான ஏற்பாடு. ஆனால் இதனோடு ஒரு குறையும் வந்து சேர்ந்தது. நெல் சுரக்கும் அமிலத்தின் அளவு வாற்கோதுமை சுரப்பதைவிட மிகவும் குறைவு. ஆகவே தண்ணீர் வற்றிய காரநிலத்தில் வாற்கோதுமை பசுமையாக நிற்க, நெல் வெளுத்துவிடுகிறது.

வேருக்குள் நுழைந்த இரும்பையும் பயிர் தன்போக்கில் விடுவதில்லை. தண்டின் வழியே மேலேறுகையில் எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலம் அதற்குத் துணையாகிறது. இலையிலிருந்து குருத்துக்கும் கதிருக்கும் செல்கையில் நிக்கோட்டியனமைன் என்னும் பொருள் அதைப் பற்றிச் செல்கிறது. மிகுதியான இரும்பை அடைத்துவைக்க உயிரணுக்களுக்குள் பைகளும், பெரிட்டின் என்னும் புரதப் பேழைகளும் உள்ளன. இரும்பு போதிய அளவு வந்ததும் உறிஞ்சுதலைக் குறைக்கும் காவற்புரதங்களும் உண்டு. 2013ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் அத்தகைய புரதங்கள் இரண்டை விவரித்தனர். அவற்றின் அளவைக் குறைத்தபோது பயிரிலும் மணியிலும் இரும்பு மிகுந்தது. எனவே நெல் இரும்பைக் குறைவாக வைத்திருப்பது இயலாமையால் மட்டும் அன்று. தன் பாதுகாப்பைக் கருதியும் ஆகும்.

பயிர் வெளுத்தால்

இரும்புப் பற்றாக்குறையை அறிவது எளிது. பயிருக்குள் ஓர் இலையில் சேர்ந்த இரும்பு மற்றோர் இலைக்கு எளிதில் இடம்பெயர்வதில்லை. எனவே குறைபாடு முதலில் இளங்குருத்தில் தோன்றும். நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் காணப்படும். குறைபாடு மிகுந்தால் இலை முழுதும் வெளுத்துக் காகிதம் போலாகும். தழைச்சத்துக் குறைவில் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். இரும்பு வேண்டி நிற்கும் நாற்றுக்கு யூரியாவை மேலும் மேலும் இடுவதால் பயனில்லை, பொருட்செலவே மிஞ்சும்.

இத்தகைய நாற்றங்காலுக்கு முதல் மருந்து தண்ணீரே. வசதியுள்ள இடத்தில் நீரைக் கட்டி நிறுத்தினால், மண்ணிலுள்ள இரும்பே பயிருக்குக் கிடைக்கத் தொடங்கும். அடுத்தது அன்னபேதி உப்பு, அதாவது பெர்ரஸ் சல்பேட். 10 லிட்டர் தண்ணீரில் 100 கிராம் வீதம் கரைத்து, அதாவது நூற்றுக்கு ஒரு பங்குக் கரைசலாக, இலைகளின்மீது தெளிக்கலாம். இதனோடு 10 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்தால் கரைசல் துருவேறாமல் இருக்கும். கரைசலை அவ்வப்போது புதிதாகவே தயாரிக்கவேண்டும். பழுப்பேறிய கரைசலால் பயன் இல்லை. வெயில் தாழ்ந்த நேரத்தில் தெளித்து, ஒரு வார இடைவெளியில் பயிரின் நிறத்தைப் பார்த்து மீண்டும் தெளிக்கவேண்டும். பின்னர் வரும் குருத்துக்கு முன்னைய தெளிப்பு உதவாது என்பதே இதற்குக் காரணம்.

சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அன்னபேதியைத் தனியே இட்டால் அது விரைவில் துருவாகிவிடும். தொழு உரத்துடன் கலந்து இடுதல் நன்று. கொழிஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாள் உரங்களை மடக்கி உழுது தண்ணீர் கட்டினால், அவை மக்கும்போது நுண்ணுயிர்களின் வேலை விரைந்து நடைபெற்று, மண்ணிரும்பு கரையும் நிலையை அடையும்.

இச்செய்தி நாளுக்கு நாள் முக்கியத்துவம் பெற்றுவருகிறது. நீர் பற்றாக்குறையாலும் ஆள் பற்றாக்குறையாலும் புழுதியில் நேரடியாக நெல்லை விதைக்கும் முறை பரவிவருகிறது. பஞ்சாபிலும் அரியானாவிலும் மணற்பாங்கான நிலங்களில் இவ்வாறு விதைத்த நெல் இரும்பின்றி வெளுப்பதை உழவர் கண்டனர். அங்கும் மிகுதியான பாசனமும் அன்னபேதித் தெளிப்புமே பரிந்துரைக்கப்பட்டன. தண்ணீரைச் சேமிப்பது நமக்குக் கடமை. ஆனால் தண்ணீர் இதுகாறும் இரும்பைக் கரைத்துக் கொடுத்த பணியையும் செய்துவந்தது என்பதை மறவாமல், அப்பணிக்கு மாற்று ஏற்பாடும் செய்துகொள்ளவேண்டும்.

பயிர் துருவேறினால்

இனி, இதற்கு நேர்மாறான துன்பத்தைக் காண்போம். மழை மிகுந்த இடங்களில் அமிலத்தன்மையுள்ள தாழ்நிலங்களில் தண்ணீர் வடியாமல் நிற்கும்போது, பெர்ரஸ் இரும்பு அளவு கடந்து பெருகுகிறது. சுற்றியுள்ள மேட்டிலிருந்து ஊறிவரும் நீரும் இரும்பைக் கொணர்ந்து சேர்க்கிறது. அத்தகைய வயல்களின் வாய்க்கால் நீரில் எண்ணெய் மிதப்பது போன்ற படலத்தையும், அடியில் செந்நிற வண்டலையும் காணலாம்.

பயிரின் முதியஇலைகளில் நுனியிலிருந்து சிறு பழுப்புப் புள்ளிகள் தோன்றிப் பரவும். பின் இலை முழுதும் வெண்கல நிறமடைந்து காயும். தூர் கட்டுதல் குறையும். கதிரில் பதர் மிகும். இலையின் உலர்ந்த எடையில் பத்து லட்சத்தில் 300 முதல் 500 பங்குக்கு மேல் இரும்பு சேர்ந்தால் இத்தீங்கு தோன்றும் என்பது ஆய்வாளர் கணக்கு.

முன்பு இதனை ஒரு நோய் என்றே கருதினர். இலங்கையில் நெல்லுக்கு வந்த இத்தகைய வெண்கல நோய்க்கு இரும்பின் மிகுதியே காரணம் என்பதை, அந்நாட்டைச் சேர்ந்த மண்ணியல் அறிஞர் பொன்னம்பெரும 1955ஆம் ஆண்டில் தம் துணையாய்வாளர் இருவருடன் எடுத்துக்காட்டினார். பின்னர் அவர் பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, நீர் மூழ்கிய மண்ணின் வேதியியலை விரிவாக விளக்கினார். இலங்கையின் ஈரவலயத்திலும், கேரளத்துக் குட்டநாட்டு அமில நிலங்களிலும், மேற்கு ஆப்பிரிக்காவின் உள்நாட்டுத் தாழ்நிலங்களிலும் இந்தத் தொல்லை இன்றும் உண்டு.

இதனை எதிர்க்கவும் நெல்லுக்கு ஒரு வழி தெரியும். அதன் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உள்ளன. அவற்றின் வழியே பிராணவாயு வேர் நுனிவரை சென்று வெளியே கசிகிறது. அங்கே பெர்ரஸ் இரும்பு துருவாகி, வேரின்மேல் செந்நிறப் பூச்சாகப் படிந்துவிடுகிறது, உள்ளே நுழைவதில்லை. நாற்றைப் பிடுங்கும்போது வேரில் காணும் செம்பழுப்பு நிறம் இக்காவலின் அடையாளமே. சத்துக் குறைவால் வேர் தளர்ந்துவிட்டாலோ, வயலில் பெர்ரஸ் இரும்பு மிகமிகப் பெருகிவிட்டாலோ இக்காவல் உடைந்துவிடும்.

ஆகவே செய்யத்தக்கவை இவை. முதலாவது, வடிகால் அமைத்து வயலை அவ்வப்போது காயவிடவேண்டும். நம் உழவர் கூறும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' இங்கே மருந்தாகும். இரண்டாவது, மண் பரிசோதனையின்படி சுண்ணாம்பு இட்டு அமிலத்தன்மையைக் குறைக்கவேண்டும். மூன்றாவது, சாம்பல் சத்தையும் மணிச்சத்தையும் குறையாமல் இடவேண்டும். சாம்பல் சத்து வேரின் காக்கும் ஆற்றலை வளர்க்கிறது. இத்தகைய நிலத்தில் பச்சைத்தழையை மிகுதியாக இட்டு உடனே நடுவதும், அன்னபேதி தெளிப்பதும் தீங்கை வளர்க்கும். ஒரே பொருள் ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் நஞ்சாகவும் இருப்பதால், மண் பரிசோதனை நிலையத்தையும் வேளாண்மை உதவி அலுவலரையும் கலந்துகொண்டு செயற்படுவதே அறிவுடைமை.

நிலத்துக்கேற்ற நெல்

எல்லா நிலத்தையும் திருத்திவிட முடியாது. நிலத்துக்கேற்ற நெல்லைத் தேடுவது மற்றொரு வழி. இரும்பு மிகுந்த நிலங்களைத் தாங்கும் நெல் இரகங்கள் பல உள்ளன. மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டில் தெரிந்தெடுத்த சுவாக்கோக்கோ 8 அத்தகையது. ஆப்பிரிக்காவின் சொந்த நெல்லினத்திலும் இத்தன்மை உண்டு. இலங்கையின் பொம்புவல ஆராய்ச்சி நிலையம், ஈரவலயத்தின் இத்தகைய வயல்களுக்கென்றே இரகங்களை உருவாக்கியுள்ளது.

இரும்பு கிட்டாத காரநிலத்துக்கும் முயற்சிகள் நடந்தன. வாற்கோதுமை மிகுதியாக அமிலம் சுரக்கிறது என்று முன்னர்க் கூறினோம். அச்சுரப்புக்குத் துணையான இரண்டு மரபணுக்களை நெல்லில் சேர்த்துப் பார்த்த ஜப்பானிய ஆய்வாளர், 2001ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டனர். இரும்பு கிட்டாத காரமண்ணில் வளர்த்தபோது அந்த நெல், சாதாரண நெல்லைப்போல் 4 மடங்குக்குச் சற்று மிகுதியான மணிகளை ஈந்தது. இது ஆய்வுச் சோதனையே. எனினும் நெல்லின் குறை எது, அதனை நிறைப்பது எவ்வாறு என்பதை இது ஐயமின்றிக் காட்டியது.

கலத்தில் உள்ள குறை

வயலைக் கடந்து வீட்டிற்குள் நுழைந்தால், இரும்பின் கதை நம் தாய்மாரையும் குழந்தைகளையும் பற்றியதாகிறது. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். தமிழ்நாட்டில் இவ்வெண் நூற்றுக்கு 53க்கு மேல். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இரும்புக்குறை முக்கியமானது.

நாம் மூன்று வேளையும் நம்பியிருக்கும் சோறு இதற்கு எவ்வளவு உதவுகிறது? தீட்டாத ஒரு கிலோ அரிசியில் ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிகிராம் இரும்பு உண்டு. நன்கு தீட்டிய அரிசியில் எஞ்சுவது 2 மில்லிகிராம் அளவே. அப்படியானால் ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் வெள்ளை அரிசி உண்டால் அவருக்குக் கிடைப்பது அரை மில்லிகிராமுக்குச் சற்று மேல். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020இல் வகுத்த அளவின்படி, வளர்ந்த பெண்ணுக்கு நாள்தோறும் வேண்டிய இரும்பு 29 மில்லிகிராம். இடைவெளி எத்தகையது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

இதற்குக் காரணமும் பயிரின் எச்சரிக்கையே. இலையிலும் தாளிலும் உள்ள இரும்பில் சிறிதளவே மணிக்குச் செல்கிறது. மற்றது வைக்கோலோடு நின்றுவிடுகிறது. மணிக்குச் சென்றதையும் பயிர் தன் முளைக்கருவிலும், தவிடாகும் மேற்படலத்திலும் சேமித்துவைக்கிறது. அடுத்த தலைமுறைப் பயிர் முளைப்பதற்கான முதலீடு அது. நாம் தீட்டும்போது அந்தப் பகுதியையே முதலில் நீக்கிவிடுகிறோம். கைக்குத்தல் அரிசி இவ்வகையில் மேலானது. ஆயினும் தவிட்டில் உள்ள பைட்டிக் அமிலம் இரும்பை ஓரளவு பிணைத்து, குடல் அதனை ஏற்காதபடி தடுக்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

மணியில் இரும்பை ஏற்றும் முயற்சி

பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், ஐ.ஆர். 72 என்னும் இரகத்தோடு ஜாவா போண்டே என ஏடுகளில் குறிக்கப்பெறும் நம் நாட்டு மரபு நெல்லை ஒட்டி, ஐ.ஆர். 68144 என்னும் வகையைப் பெற்றது. அதன் தீட்டாத அரிசியில் கிலோவுக்கு ஏறத்தாழ 21 மில்லிகிராம் இரும்பு இருந்தது. மணிலா நகரைச் சுற்றியுள்ள கன்னியர் மடங்களைச் சேர்ந்த 192 சகோதரியர் 9 மாத காலம் இச்சோதனையில் பங்குகொண்டனர். ஒரு பிரிவினர் இந்த அரிசியையும் மற்றப் பிரிவினர் சாதாரண அரிசியையும் உண்டனர். 2005இல் வெளியான முடிவின்படி, இரத்தசோகை இல்லாத பெண்களின் உடலில் இரும்பின் சேமிப்பு ஓரளவு உயர்ந்தது. ஆனால் இரத்தத்தின் ஹீமோகுளோபின் உயரவில்லை. வழி சரியானது, அளவு போதாது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

சாதாரண ஒட்டுமுறையால் துத்தநாகத்தை உயர்த்துவது எளிதாயிற்று. ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் துத்தநாகம் மிகுந்த டி.ஆர்.ஆர். தான் 45 என்னும் இரகம் 2016இல் வெளிவந்தது. இரும்போ அவ்வாறு இணங்கவில்லை. தீட்டிய அரிசியைப் பொறுத்தவரை நெல் இரகங்களுக்கிடையே இரும்பின் வேறுபாடு மிகச் சிறிது. வேறுபாடு இல்லாத இடத்தில் தெரிந்தெடுப்பதற்கு என்ன உண்டு?

ஆதலால் அறிஞர்கள் பயிரின் இரும்பு நிருவாகத்திலேயே கைவைத்தனர். சோயா மொச்சையின் பெரிட்டின் பேழையை நெல்மணியில் தோற்றுவித்து, இரும்பை மும்மடங்குவரை உயர்த்தியதாக 1999இல் ஜப்பானியர் அறிவித்தனர். ஆனால் பேழையைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது; அதற்கு இரும்பைச் சுமந்துவரும் ஆளும் மிகவேண்டும். எனவே சுமக்கும் பொருளான நிக்கோட்டியனமைனை மிகுவிக்கும் நெல் மரபணுவையும் பெரிட்டினையும் ஐ.ஆர். 64 இரகத்தில் ஒருங்கே சேர்த்தனர். பிலிப்பைன்ஸிலும் கொலம்பியாவிலும் வயலில் வளர்த்தபோது, தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் இரும்பும் ஏறத்தாழ 45 மில்லிகிராம் துத்தநாகமும் கிடைத்தன, விளைச்சல் குறையவில்லை. இம்முடிவு 2016இல் வெளியாயிற்று. அத்தகைய அரிசி 300 கிராம் உண்டால் 4 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு சேரும். மரபணு மாற்றிய பயிரை வயலுக்குக் கொண்டுவருவதற்குப் பலவகைச் சோதனைகளும் மக்களின் இசைவும் வேண்டும் என்பதை நாம் அறிவோம். அந்தச் சோதனைகளின் முடிவு எவ்வாறாயினும், சேமிப்பையும் சுமப்பையும் ஒருசேர உயர்த்தவேண்டும் என்னும் அறிவு நிலைத்துவிட்டது.

நாம் செய்யத்தக்கவை

நல்ல விதை வரும் வரையில் கைகட்டி இருக்கவேண்டுவதில்லை. குருத்து வெளுக்கிறதா, முதியஇலை பழுக்கிறதா என்று உழவர் உற்றுநோக்கவேண்டும். மண்ணைப் பரிசோதித்த பின்னரே அன்னபேதியையோ சுண்ணாம்பையோ கையில் எடுக்கவேண்டும். புழுதி விதைப்பில் இறங்குவோர், தம் நிலம் காரத்தன்மை உடையதா என்பதை முன்னதாகவே அறிந்துகொள்ளவேண்டும். இல்லத்தில் அரிசியை அளவுக்கு மீறித் தீட்டாதிருப்பதும், சோற்றோடு கீரையும் கேழ்வரகும் பருப்பும் சேர்ப்பதும், நெல்லிக்காய், எலுமிச்சை போன்றவற்றை உணவுடன் உண்பதும் நன்று. அவற்றின் புளிப்புச் சத்து, உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்க உதவும். உணவு உண்டவுடன் தேநீர் அருந்தினால் அந்த இரும்பை உடல் ஏற்பது குறையும். இரத்தசோகை உடையோர் உணவோடு நின்றுவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தையும் தவறாமல் உட்கொள்ளவேண்டும்.

நிலத்தில் 27,000 கிலோகிராம் இரும்பு இருந்தும், அந்நிலத்தில் விளைந்த சோற்றை உண்ணும் தாய் சோகையால் வாடுகிறாள். நிலத்திலிருந்து வேருக்கும், வேரிலிருந்து மணிக்கும், மணியிலிருந்து மக்களுக்கும் உள்ள தொலைவைச் சிறிது சிறிதாகக் குறைப்பதே இத்துறையில் பயிர் மேம்பாட்டின் நோக்கம். அதில் ஆராய்ச்சியாளரின் பங்கு ஒன்று. நாற்றங்காலின் ஓரத்தில் நின்று இலையின் நிறத்தைப் பார்க்கும் உழவரின் பங்கு மற்றொன்று. இரண்டும் கூடினால்தான் காரியம் கைகூடும்.